எதிராளி தரும் மரியாதை

2021 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் காலில் குறைபாடுள்ளவர்களுக்கான உயரம் தாண்டுதல் டி63 பிரிவின் இறுதிச் சுற்று மழையில் நடந்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரரான மாரியப்பன் தங்கவேலு 1.86 மீட்டரைத் தாண்டிவிட்டார். அடுத்து வைத்த 1.88 அவருக்கு எட்டவில்லை. அமெரிக்காவின் சாம் க்ரூ அதைத் தாண்டித் தங்கத்தை எடுத்துக்கொண்டார், மாரியப்பனுக்கு வெள்ளி. பிறகு செய்தியாளர்களிடம் அவர் சொன்ன காரணம் மிக எளியது. குறைபாடுள்ள காலில் போட்டிருந்த காலுறை மழையில் நனைந்துவிட்டது, அதனால் தாண்டச் சிரமமாகிவிட்டது. முந்தைய ரியோ பாராலிம்பிக்கில் வானிலை நன்றாக இருந்தது, இங்கும் அப்படி இருந்திருந்தால் இன்னும் உயரம் தாண்டியிருப்பேன் என்றார்.

ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி நசுங்கிய கால் அது. தாய் சரோஜா காய்கறி விற்றும் கடன் வாங்கியும் பிள்ளையை வளர்த்தார். அப்படி ஒரு காலைப் பற்றி நம் ஊர்களில் என்னென்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. தலையெழுத்து என்பார்கள், யார் செய்த பாவமோ என்பார்கள், இனி இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அந்தப் பிள்ளையின் காதுபடவே கேட்பார்கள். அந்தக் கால் மாரியப்பனின் பேச்சில் வரும்போது விதி காணாமல் போய்விடுகிறது. ஈரக் காலுறையும் இரண்டு சென்டிமீட்டரும்தான் மிஞ்சுகின்றன. ரியோவில் 2016இல் 1.89 மீட்டர் தாண்டி அவர் வாங்கிய தங்கத்தைவிட, தோற்றபின் சொன்ன இந்தக் காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன் உடலைப் பற்றி வெட்கமோ வீராப்போ இல்லாமல், மற்ற எந்த விளையாட்டு வீரரும் பேசுவதுபோலப் பேசுகிறார். தன்னை ஏற்றுக்கொண்ட ஒருவர் எப்படிப் பேசுவார் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

போட்டி விளையாட்டு இந்த இடத்துக்கு ஒருவரை எப்படிக் கொண்டுவருகிறது? “குறையை வென்றார்” என்ற வழக்கமான பதில் எதையும் விளக்குவதில்லை. மாரியப்பனின் கால் அப்படியேதான் இருக்கிறது.

உடற்குறையை ஏற்றுக்கொள்வது பற்றிய உளவியல் ஆய்வு இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களிடமிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். டமாரா டெம்போ, குளோரியா லெவிட்டன், பீட்ரிஸ் ரைட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கைகால் இழந்தவர்களோடு பேசி, 1956இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 1960இல் ரைட் அதை ஒரு நூலாகவே விரித்தார். இழப்பை ஏற்றுக்கொள்பவருடைய மதிப்பீடுகளில் சில மாற்றங்கள் நடக்கின்றன என்பது அவர்கள் கண்டது. இழந்ததற்கு வெளியேயும் வாழ்வில் பொருளுண்டு என்று தெரியவருகிறது. தோற்றமும் உடல்வலுவும்தான் மனிதருக்கு எல்லாம் என்ற நினைப்பு தளர்கிறது. குறை எந்த உறுப்பில் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடுகிறது, ஆள் முழுவதும் பரவுவதில்லை. இந்தப் ‘பரவல்’ நாம் தினமும் பார்ப்பது. பார்வையற்றவரிடம் காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்கப் பேசுவோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் எதிரிலேயே இருக்க, “இவருக்கு என்ன வேணும்?” என்று கூட வந்தவரைக் கேட்போம்.

இவற்றோடு இன்னொரு மாற்றத்தையும் அவர்கள் சொன்னார்கள். தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு அளப்பதை விட்டுவிட்டு, தன்னிடம் இருப்பதை அதனதன் பயனுக்காக மதிப்பது. இது சரியென்றால் நமக்கு ஒரு சிக்கல் வருகிறது. போட்டி விளையாட்டே ஒப்பீடுதானே! யார் வேகம், யார் உயரம் என்று நொடியிலும் சென்டிமீட்டரிலும் ஒப்பிடுவதற்கென்றே அது நடக்கிறது. ஒப்பீட்டை விட்டால்தான் மனம் தேறும் என்கிறது கோட்பாடு; ஒப்பீட்டின் நடுவிலேயே நின்று தேறியவர்கள் கண்முன்னே இருக்கிறார்கள்.

விடை தேட வேண்டிய இடம் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் அங்கே முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கினார். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் பெரும்பாலும் சீக்கிரமே இறந்துபோன காலம் அது. இறக்கும்வரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதே மருத்துவம் என்றிருந்த இடத்தில், குட்மன் நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார், எழுந்து உட்கார வைத்தார், வேலை கொடுத்தார், விளையாட விட்டார். சக்கர நாற்காலியில் போலோ ஆடிப் பார்த்தார்கள். அது முரட்டுத்தனமாகப் போகவே வேறு ஆட்டங்களுக்கு மாறினார்கள். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 முன்னாள் படைவீரர்கள், ஆணும் பெண்ணுமாக, வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ரோம் நகரில் 23 நாடுகளின் 400 பேர் கூடிய விளையாட்டுகள், முதல் பாராலிம்பிக் என்று பின்னாளில் எண்ணப்பட்டன.

உடற்பயிற்சி செய்தால் தசை வலுப்படும். அதற்குப் போட்டி வேண்டியதில்லை. ஆனால் எதிரில் ஒருவர் வில்லோடு நிற்கும்போது நிலைமை மாறுகிறது. செவிலியர் பரிவோடு பார்ப்பார், வீட்டார் கண் கலங்குவார்கள், பார்க்க வந்தவர்கள் பழம் வைத்துவிட்டுப் போவார்கள். எதிராளிக்கு இவருடைய சோகத்தில் அக்கறையில்லை, இவரை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். காயம்பட்ட நாளிலிருந்து ஒருவர் அந்த ஆளை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டு, இவன் வென்றுவிடுவானோ என்று அஞ்சுவது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். பரிதாபத்தில் தோற்கும் உரிமை கிடையாது. அடிக்காமலே அவுட் ஆகிக்கொடுக்கும் மாமாவோடு கிரிக்கெட் ஆடிய குழந்தைக்குத் தெரியும், அந்த வெற்றியில் எதுவுமில்லை என்று.

ரைட் சொன்ன ஒப்பீட்டுச் சிக்கல் இங்கேதான் அவிழ்கிறது என்பது என் வாதம். மனிதரை வதைக்கும் ஒப்பீடு, ‘முழு உடல்’ என்று ஊர் வைத்திருக்கும் அளவுகோலோடு நடப்பது. அதில் என்ன செய்தாலும் கடைசி இடம்தான். பாரா விளையாட்டு அந்த அளவுகோலை அகற்றிவிட்டு, உடல் இயக்கத்தில் தம்மை ஒத்தவர்களைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்துகிறது. ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன் ஆடும் எஸ்எச்6 பிரிவு குள்ளமான உடலமைப்பு உள்ளவர்களுக்கானது. அவருடைய உயரத்தை ஒத்தவர்கள்தான் உலகெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். தெருவில் அவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் உயரத்துக்கு ஆடுகளத்தில் எந்தச் செய்தி மதிப்பும் இல்லை. கால்வேகமும் டிராப் ஷாட்டும்தான் கணக்கு. பாரிஸில் 2024இல் இந்தோனேசியாவின் ரீனா மார்லினாவை நேர் செட்களில் வீழ்த்தி அவர் வெண்கலம் வென்றார். எல்லாரும் ஒரே அளவாக இருக்கும் இடத்தில், இத்தனை நாள் உயரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த ஆட்டக்காரர் வெளியே தெரிகிறார். ஒப்பீடு அங்கேயும் உண்டு, அதுவும் கடுமையாக. ஆனால் முயன்றால் மாறக்கூடிய ஒன்றைப் பற்றிய ஒப்பீடு அது.

இதை விதிமுறையாகவே எழுதி வைத்திருக்கும் ஓர் ஆட்டம் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி. இடுப்புக்கு மேலும் கட்டுப்பாடு குறைவாக உள்ளவர் 1.0, குறைபாடு மிகக் குறைந்தவர் 4.5. களத்தில் இருக்கும் ஐவரின் மொத்தப் புள்ளி 14ஐத் தாண்டக் கூடாது. 4.5 ஆட்களாகவே அணியை நிரப்ப முடியாது என்பதால், கடுமையான குறைபாடுள்ள ஒருவர் இல்லாமல் வலுவான அணி அமைவதில்லை. அவர் கூடையில் அதிகம் போடமாட்டார். எதிரணியின் உயரமான ஆளுக்கு முன்னால் தன் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைப்பார், அந்த இடைவெளியில் தன் அணிக்காரர் கூடையை நோக்கிப் பாய்வார். வெளியுலகில் குறை கூடக்கூட ஆளின் மதிப்பு குறைகிறது. இங்கே குறை கூடிய ஆளைப் பயிற்சியாளர் தேடிப் பிடிக்கிறார்.

இந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சக்கரங்கள் மேற்புறம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். ஆட்டக்காரரின் இடுப்பும் தொடையும் வாரால் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கும். உலோகத்தோடு உலோகம் மோதும் சத்தம் அரங்கில் எதிரொலிக்கும். மோதலில் ஒருவர் நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுவார். முதன்முறை பார்ப்பவருக்கு ஓடிப்போய்த் தூக்கத் தோன்றும். களத்தில் யாரும் பதற மாட்டார்கள். விழுந்தவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, உடலைச் சுண்டி, நாற்காலியோடு நிமிர்ந்து பந்தைத் துரத்திப் போய்விடுவார். முடியாதவர் கை காட்டினால் பக்கத்திலிருப்பவர் நிமிர்த்திவிடுவார், அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லிக்கொள்வதில்லை. விழுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. பேருந்து நிறுத்தத்தில் விழுந்தால் கூட்டம் கூடி, தண்ணீர் தெளித்து, “தனியா ஏன் அனுப்பினாங்க?” என்று கேட்கும் ஊரில், விழுவதை ஒரு பெரிய விஷயமாக்காத இடம் எவ்வளவு விடுதலை தரும்!

போச்சியா இன்னும் நுட்பமானது. மூளை முடக்குவாதம் போன்ற கடுமையான நிலையில் உள்ளவர்களுக்காக 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் பந்து உருட்டும் ஆட்டம் இது. கையால் எறிய முடியாத பிசி3 பிரிவினர் ஒரு சரிவுப் பலகை வழியாகப் பந்தை விடுவார்கள். பலகையை நகர்த்த உதவியாளர் உண்டு. ஆனால் அவர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு இடம், எவ்வளவு வலம், எந்த உயரம் என்பதை ஆட்டக்காரர்தான் சொல்ல வேண்டும் அல்லது சைகை காட்ட வேண்டும். உண்பது, உடுப்பது எல்லாவற்றிலும் பிறர் முடிவெடுத்துப் பழகிய ஒருவருக்கு, உதவுபவர் பார்க்கவே கூடாது என்று விதியே சொல்கிறது. உதவி பெறுவதும் தானே முடிவெடுப்பதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஏற்பாட்டை நான் அறியேன்.

தமிழ்நாட்டிலிருந்து போன இருவரையே பாரிஸில் எதிரெதிராக நிறுத்திய ஆட்டமும் உண்டு. 2024 செப்டம்பர் 1, கையில் குறைபாடுள்ளவர்களுக்கான பேட்மிண்டன் எஸ்யு5 பெண்கள் ஒற்றையர் அரையிறுதி. ஒருபக்கம் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன், இடக் கையில் குறைபாடுள்ளவர், நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவர், தந்தையே முதல் பயிற்சியாளர். மறுபக்கம் திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ், பிறப்பின்போது தோள் நரம்புகள் காயப்பட்டு வலக் கை பாதிக்கப்பட்டவர், 2022இன் உலகச் சாம்பியன். பேட்மிண்டனில் மட்டை பிடிக்காத கைக்கும் வேலை உண்டு. சர்வீஸில் ஷட்டிலைப் பிடிப்பது அது, தலைக்கு மேல் அடிக்கும்போது உயர்ந்து உடலைச் சமன்செய்வது அது. அந்தக் கை ஒத்துழைக்காதபோது சமநிலையை இடுப்பிலும் காலிலும் தேட வேண்டும், பின்கோட்டிலிருந்து திரும்பும் நேரத்தை வேறு விதத்தில் ஈடுகட்ட வேண்டும். இருவருக்குமே இது தெரியும். எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்பதும் தெரியும். முதல் செட் 23-21 வரை இழுத்தது, அடுத்தது 21-17. துளசிமதி வென்றார். மறுநாள் இறுதியில் அவர் சீனாவின் யாங் சியூ சியாவிடம் தோற்று வெள்ளி வாங்க, மனிஷா டென்மார்க்கின் காத்ரின் ரோசன்கிரெனை வீழ்த்தி வெண்கலம் வென்றார்.

23-21 என்ற கணக்கில் இருவரும் ஒருவருக்கொருவர் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிராளியின் பலவீனமான பக்கத்துக்கு ஷட்டிலைத் தள்ளுவது அங்கே கொடுமையில்லை, நல்ல ஆட்டம். இருவரும் கை தெரியும் சட்டையில், தொலைக்காட்சி ஒளியில் ஆடினார்கள். கையில் குறையுள்ள பெண் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டையும் இழுத்துவிட்ட துப்பட்டாவும் கற்றுக்கொடுக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. மறைப்பதற்குச் செலவழியும் கவனம் பெரியது. புகைப்படத்தில் எந்தப் பக்கம் நிற்பது, யார் வரும்போது கையை எங்கே வைப்பது என்று நாள் முழுவதும் ஓடும் கணக்கு அது. நீச்சலில் இது இன்னும் வெளிப்படை. பாராலிம்பிக் நீச்சல் போட்டியில் செயற்கை உறுப்புக்கு அனுமதியில்லை, காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நீரில் குதிக்க வேண்டும். 2001இல் விபத்தில் இடக் காலை இழந்த தென்னாப்பிரிக்காவின் நாட்டலி டு டோய்ட், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலை இரண்டு கால் உள்ளவர்களோடு அப்படித்தான் நீந்தி 16ஆவதாக வந்தார்.

இத்தனையும் சொன்ன பிறகு இந்த ஏற்பாட்டின் வலிக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். பாரா விளையாட்டில் நுழைவாயில் வகைப்படுத்தல். மருத்துவரும் விளையாட்டு வல்லுநரும் கொண்ட குழு மூட்டை மடக்கிப் பார்க்கும், தசைவலுவை அளக்கும், போட்டியிலும் கவனிக்கும். எந்த உடலைப் பிறர் கண்ணிலிருந்து காத்துவந்தோமோ அதை மேசைமேல் கிடத்தி எண்ணாக்குவார்கள். முடிவு பின்னாளில் மாறவும் கூடும். பிரேசிலின் ஆந்த்ரே பிரேசில் குழந்தைப் பருவத்தில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர், பாராலிம்பிக் நீச்சலில் ஏழு தங்கம் வென்றவர். விதிகள் திருத்தப்பட்டபின் 2019இல் மறுபடி சோதித்து, அவருடைய குறைபாடு போட்டிக்குப் போதாது என்று அறிவித்தார்கள். ஊர் ஒரு காலத்தில் குறையுள்ளவர் என்று ஒதுக்கிய உடலை, விளையாட்டு அமைப்பு குறை போதாது என்று ஒதுக்கியது. சமமான போட்டிக்கு எல்லைக்கோடு தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தன்னை ஏற்றுக்கொள்ள ஒருவர் கட்டிய வீட்டின் பட்டா வேறொருவர் பெட்டியில் இருக்கிறது என்பது சிறிய விஷயமில்லை. விளையாட்டாளர் என்ற அடையாளத்தை ஆராய்ந்து 1993இல் அளவுகோல் உருவாக்கிய உளவியலாளர் பிரிட்டன் புரூவரும் சகாக்களும் எச்சரித்ததும் இதைத்தான்: அந்த ஒரே அடையாளத்தில் முழு ஆளும் நின்றுவிட்டால், காயமோ ஓய்வோ வரும்போது சரிவும் பெரிதாகிவிடும்.

இன்னொன்று, பார்வையாளர்களாகிய நாம். ஆஸ்திரேலிய இதழாளரும் உடற்குறையாளர் உரிமைச் செயற்பாட்டாளருமான ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னி மேடையொன்றில் பேசியது உலகெங்கும் பார்க்கப்பட்டது. உடற்குறையுள்ளோரின் அன்றாடத்தைக்கூட மற்றவர்களின் ஊக்கத்துக்கான பண்டமாக்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பாராலிம்பிக் காலத்தில் நம் செய்தித்தாள்களைப் புரட்டினால் அவர் சொன்னது உறைக்கும். விபத்து, தாயின் கண்ணீர், வறுமை, பிறகு பதக்கம் என்று வரிசை மாறாமல் வரும் செய்தியில் ஆட்டம் எங்கேயும் இருக்காது. 23-21 எப்படி வந்தது என்று எழுதுகிறவர் குறைவு. எதிராளி கொடுத்த மரியாதையை நாம் இப்படிப் பறித்துக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலும் பேருந்து விபத்தைச் சொன்னேன்; மாரியப்பனின் வாயில் அந்தக் கால் என்னவாக மாறியிருக்கிறது என்று காட்ட அது தேவைப்பட்டது, அதற்கு மேல் அதற்கு இங்கே இடமில்லை.

யாருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கிறது என்ற கேள்வியும் ஆய்வைத் தடுமாற வைக்கிறது. விளையாடுபவர்களிடம் தன்மதிப்பு அதிகம் என்று ஓர் ஆய்வு கண்டால், விளையாட்டு அதைத் தந்ததா, ஏற்கெனவே அது உள்ளவர்கள்தான் மைதானத்துக்கு வந்தார்களா என்று பிரித்தறிவது கடினம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம். பாரிஸுக்குப் போன இந்திய அணி 84 பேர். ரியோவில் 4, டோக்கியோவில் 19, பாரிஸில் 29 என்று பதக்கம் ஏறியது மகிழ்ச்சிதான். பாரிஸ் பதக்கங்களுக்காகத் துளசிமதிக்கு 2 கோடியும் மனிஷா, நித்ய ஸ்ரீ, மாரியப்பன் மூவருக்கும் தலா 1 கோடியும் தமிழக அரசு கொடுத்ததும் நியாயம்தான். என் கவலை பதக்கத்துக்கு வெகு தூரத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றியது. விளையாட்டு நேரத்தில் வகுப்பறையில் எல்லாருடைய பைகளுக்கும் காவலாக உட்கார வைக்கப்படும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு உலகச் சாம்பியன் ஆகும் வாய்ப்பு வேண்டியதில்லை. ஒருமுறை சரியான எதிராளியோடு ஆடித் தோற்கும் வாய்ப்புப் போதும், அடுத்த மாதம் மறுபடி ஆடிப் பார்க்கும் வாய்ப்பும் வேண்டும்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வந்திருப்பது இந்த வகையில் பெரிய முன்னேற்றம். மாவட்ட அளவில் ஒரே வகைக் குறைபாடுள்ளவர்கள் சிலராவது ஒரே கோட்டில் நிற்க அது இடம் தருகிறது. இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால்தான் போட்டி போட்டியாக இருக்கும். போலியோ கால்காரரையும் முழங்காலுக்கு மேல் இழந்தவரையும் ஒன்றாக ஓடவிட்டால் முடிவு ஓடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். வகைப்படுத்தத் தெரிந்தவர்கள் மாவட்டந்தோறும் வேண்டும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி வேண்டும், மைதானத்துக்குச் சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3இல் பல ஊர்களில் நடக்கும் விளையாட்டு விழாக்களில் ஓடிய எல்லாருக்கும் ஒரே மாதிரி டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துக் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். அடுத்த முறை யாராவது ஒரு ஸ்டாப்வாட்ச் கொண்டுபோகட்டும். நான்காவதாக வந்த பெண்ணிடம் அவளுடைய நேரத்தையும், மூன்றாவதாக வந்தவளின் நேரத்தையும், அடுத்த போட்டி எந்தத் தேதியில் என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும்.